நாள்தோறும் ஒரு மாத்திரை
நாட்பட்ட இரத்தப் புற்றுநோய்க்குரிய இலக்கு மருந்தின் பயனும் பாதுகாப்பும்

நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் ஆண்டு ஆய்வுக்காக அமர்ந்திருந்தபோது, துணி வரவுப் பதிவேட்டில் ஓர் அங்கத்தினரின் பக்கம் நம் கருத்தைக் கவர்ந்தது. மாதம் ஒரு பாவு தவறாது நெய்து ஒப்படைத்து வந்தவர் அவர். திடீரென்று வரவு பாதியாகக் குறைந்திருந்தது. அதனை அடுத்து நான்கு மாதங்கள் ஒரு சேலைகூட வரவில்லை. பின்னர் ஒன்றரை ஆண்டுக் காலம் பழையபடி ஒழுங்கான வரவு. அதன்பின் மறுபடியும் சரிவு. நூல் தட்டுப்பாடோ, விற்பனை மந்தமோ காரணமாயின் மற்ற அங்கத்தினர்களின் பக்கங்களிலும் அது தெரிந்திருக்க வேண்டும். அங்கெல்லாம் அவ்வாறில்லை. காரியதரிசியை வினவினோம்.

"அவருக்கு இரத்தத்தில் புற்றுநோய், ஐயா. மாத்திரை சாப்பிட்டவரையில் நன்றாக இருந்தார். நிறுத்தினார்; படுத்துவிட்டார்" என்றார் அவர்.

அன்று மாலை அவ்வங்கத்தினரின் இல்லத்திற்குச் சென்றோம். நாற்பது வயதைத் தாண்டாதவர். தறிக்குழியின் அருகே கட்டிலில் சாய்ந்திருந்தார். முதலில் காரணமின்றி உடல் இளைத்ததையும், இரவில் வியர்த்ததையும், நாலு முழம் நெய்வதற்குள் கை ஓய்ந்ததையும், இடப்புற விலாவின் கீழ் ஏதோ கனத்ததையும் எடுத்துரைத்தார். மருத்துவமனையில் இரத்தம் சோதித்தனர். ஒரு கன மில்லிமீட்டரில் ஏறக்குறைய 4,000 முதல் 11,000 வரை இருக்கவேண்டிய வெள்ளணுக்கள் இரண்டு இலட்சத்தைத் தாண்டியிருந்தன. நாள்தோறும் ஒரு மாத்திரை கொடுத்தனர். சில மாதங்களில் தறியில் இறங்கிவிட்டார். ஒன்றரை ஆண்டு சென்றது. மகள் திருமணம் வந்தது; மருத்துவமனைக்குப் போய்வர ஒரு நாள் கூலி போயிற்று; உடலோ நன்றாகவே இருந்தது. "நோய் போய்விட்டது என்றே எண்ணிவிட்டேன், ஐயா" என்றார். மாத்திரையை நிறுத்தி நான்கு மாதங்களில் நோய் திரும்பிவிட்டது.

அவருடைய எண்ணம் பேதைமை என்று தள்ளத்தக்கதன்று. காய்ச்சல் தணிந்தால் மருந்தை நிறுத்துவதுதானே நம் வழக்கம்? ஆயின் இந்நோயின் இயல்பு வேறு. இம்மருந்தின் இயல்பும் வேறு. அவ்விரண்டையும் நம் அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது நலமெனக் கருதியே இதனை எழுதுகிறோம்.

நோயின் இயல்பு

இரத்தப் புற்றுநோய் என்பது ஒரே நோயன்று. அதனுள் பல வகைகள் உள. நாம் இங்குக் கூறுவது அவற்றுள் ஒன்றாகிய நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய். ஓராண்டில் இலட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கே இது தோன்றும். மேனாடுகளில் பெரும்பாலும் முதியோரையே பற்றும் இந்நோய், இந்தியாவில் உழைக்கும் பருவத்தினரான முப்பது, நாற்பது வயதினரையும் மிகுதியாகப் பற்றுகிறது. இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. தந்தையிடமிருந்து மக்களுக்கு இறங்குவதுமில்லை. ஆதலின் நோயாளியின் பாத்திரத்தை ஒதுக்கிவைப்பதும், அவர் வீட்டில் பெண் கொடுக்கத் தயங்குவதும் பொருளற்ற செயல்கள்.

இந்நோயை மருத்துவ உலகம் 1845-ஆம் ஆண்டிலேயே கண்டது. எடின்பரோவில் ஜான் ஹியூஸ் பென்னட்டும், பெர்லினில் ருடால்ஃப் விர்க்கோவும் தனித்தனியே இதனை விவரித்தனர். ஆனால் காரணம் புலப்பட ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1960-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்னும் இருவர், இந்நோயாளிகளின் இரத்த அணுக்களில் ஒரு குரோமோசோம் இயல்பைவிடக் குட்டையாக இருப்பதைக் கண்டனர். அந்நகரின் பெயரே அக்குரோமோசோமுக்கு இடப்பட்டது. 1973-இல் சிகாகோவின் ஜேனட் ரௌலி என்னும் பெண்மணி, ஒன்பதாம் குரோமோசோமின் நுனியும் இருபத்திரண்டாம் குரோமோசோமின் நுனியும் இடம் மாறி ஒட்டிக்கொண்டதே இதன் காரணம் என்று காட்டினார்.

நெசவு அறிந்தோர்க்கு இதனை விளக்குதல் எளிது. பாவில் இரண்டு இழைகள் ஒரே சமயத்தில் அறுந்தன என்று கொள்வோம். அவசரத்தில் இதன் முனையை அதனோடும், அதன் முனையை இதனோடும் மாற்றி முடிந்துவிட்டால் என்ன ஆகும்? இழை எண்ணிக்கை குறைவதில்லை, நெசவும் நிற்பதில்லை, ஆனால் அவ்விடம் தொடங்கிப் பிழை தொடர்ந்து வந்துகொண்டேயிருக்கும். எலும்பு மச்சையில் உள்ள ஓர் அணுவில் இத்தகைய தவறான முடிச்சு விழுகிறது. அந்த அணுவின் வழித்தோன்றல்கள் அனைத்திலும் அதே பிழை தொடர்கிறது.

அம்முடிச்சினால் பி.சி.ஆர்.–ஏ.பி.எல். என்னும் புதியதொரு புரதம் உண்டாகிறது. அதன் தொழில் "பெருகு, பெருகு" என்று அணுவுக்கு இடைவிடாது ஆணையிடுவது. உடலில் இத்தகைய ஆணைகள் வேண்டும்போது பிறந்து, வேண்டாதபோது நிற்றல் வேண்டும். ஏரி மடையின் பலகை தேவைக்கேற்ப ஏறி இறங்குவது போன்றது அது. இங்கோ பலகை மேலேயே சிக்கிக்கொண்டது. வெள்ளணுக்கள் வெள்ளமாய்ப் பெருகுகின்றன. முதல் கட்டம் சில ஆண்டுகள் மெல்ல நடக்கும். பின்னர் நோய் வேகங்கொள்ளும். இறுதியில் முதிராத அணுக்கள் இரத்தத்தில் நிறைந்து உயிரைக் கொள்ளும். பழைய மருந்துகளான புசல்பான், ஹைட்ராக்சியூரியா ஆகியவை அணுக்களின் எண்ணிக்கையைக் குறைத்தனவேயன்றி, இறுதிக் கட்டத்தைத் தடுக்கவில்லை. பிறருடைய எலும்பு மச்சையை மாற்றிப் பொருத்துதல் சிலரைக் காத்தது. ஆனால் அதற்குப் பொருத்தமான கொடையாளி வேண்டும், அதில் உயிராபத்தும் உண்டு.

மருந்து பிறந்த கதை

மடைப் பலகை சிக்கிய இடம் தெரிந்துவிட்டதால், அவ்விடத்தை மட்டும் அடைக்கும் மருந்தொன்றைச் செய்யலாகாதா என்ற எண்ணம் எழுந்தது. சுவிட்சர்லாந்தின் சீபா-கெய்கி நிறுவனத்தில் நிக்கலஸ் லைடன் முதலிய விஞ்ஞானிகள் அத்தகைய பொருள்களை ஆக்கினர். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்து மருத்துவர் பிரையன் டிரக்கர் அவற்றைச் சோதித்து, ஒன்றைத் தேர்ந்தார். அதுவே இமாட்டினிப். பூட்டின் துளையில் வேறொரு பொருள் நுழைந்து அடைத்துக்கொண்டால் சாவி உட்புகாதல்லவா? அதுபோல இம்மருந்து அப்புரதத்தின் உள்ளிடத்தில் அமர்ந்து, அதன் ஆணையை நிறுத்துகிறது. எல்லா அணுக்களையும் ஒருங்கே தாக்கும் பழைய புற்றுநோய் மருந்துகளைப் போலன்றிக் குறித்த இலக்கைத் தாக்குவதால், இதற்கு இலக்கு மருந்து என்று பெயர்.

1998 ஜூன் மாதம் மனிதர்களுக்கு முதன்முதல் கொடுக்கப்பட்டது. வேறு சிகிச்சை பயனளிக்காதிருந்தவர்களுள் நாளொன்றுக்கு 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ உண்ட 54 பேரில் 53 பேருக்கு இரத்த எண்ணிக்கை இயல்பு நிலைக்குத் திரும்பியது. செய்தி பரவிற்று. ஆனால் சோதனைக்குப் போதிய மருந்து இல்லை. அப்போது கனடா நாட்டு நோயாளி ஒருவர் முன்னின்று, மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரின் கையொப்பங்களைத் திரட்டி, உற்பத்தியைப் பெருக்குமாறு நிறுவனத்துக்கு விண்ணப்பம் அனுப்பினார். தனியொருவர் கேட்டால் கேளாத செவி, பலர் சேர்ந்து கேட்டால் கேட்கும் என்பதைக் கூட்டுறவாளராகிய நமக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. உற்பத்தி பெருகிற்று. 2001 மே 10-ஆம் நாள் அமெரிக்க அரசு இம்மருந்துக்கு அனுமதி அளித்தது.

பயன் எவ்வளவு?

மருந்தின் பெருமையை வாய்ச்சொல்லால் அளத்தலாகாது. கணக்கால் அளத்தல் வேண்டும். 2000-ஆம் ஆண்டு தொடங்கிய பேராய்வில் 16 நாடுகளைச் சேர்ந்த 1,106 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் 553 பேருக்கு இமாட்டினிப். 553 பேருக்கு அந்நாளில் சிறந்ததெனக் கருதப்பட்ட இன்டர்பெரான் ஊசியும் சைட்டரபின் மருந்தும். பதினெட்டு மாதங்களில், எலும்பு மச்சையில் பிலடெல்பியா குரோமோசோம் அறவே காணப்படாத நிலையை அடைந்தோர் என மதிப்பிடப்பட்டவர்கள் இமாட்டினிப் உண்டவர்களில் 76.2 விழுக்காட்டினர்; மற்றவர்களில் 14.5 விழுக்காட்டினரே. பத்தாண்டுகளுக்குப் பின் கணக்கெடுத்தபோது, இமாட்டினிப் பிரிவில் உயிரோடிருப்போர் 83.3 விழுக்காடு என மதிப்பிடப்பட்டது. முன்னாளில் ஒரு சில ஆண்டுகளே கெடு வைத்த நோய்க்கு இது பெருமாற்றம் என்பதில் ஐயமில்லை.

எனினும் பற்று வரவு இரண்டையும் காட்டுவதே நேர்மையான கணக்கு. அவ்வாய்வின் இறுதிவரை இமாட்டினிப்பிலேயே நிலைத்து நின்றவர்கள் அப்பிரிவில் 48.3 விழுக்காட்டினர். எஞ்சியவர்களுள் சிலருக்குப் பயன் போதவில்லை. சிலருக்கு மருந்து ஒத்துக்கொள்ளவில்லை. சிலர் வேறு காரணங்களால் விலகினர். அணுக்கள் தம் புரதத்தின் வடிவைச் சிறிது மாற்றிக்கொண்டு மருந்துக்கு இடங்கொடாமற் போவதும் உண்டு. அத்தகையோருக்காக டாசாட்டினிப், நிலோட்டினிப், போசுட்டினிப், போனாட்டினிப் என்பன பின்னர் வந்தன. 2021-இல் அமெரிக்காவில் அசிமினிப் அனுமதி பெற்றது. ஒரு கதவு மூடினால் வேறு கதவு உண்டு. ஆனால் கதவு மூடியது காலத்தில் தெரிய வேண்டும். அதற்காகவே மூன்று மாதங்களுக்கு ஒருமுறை இரத்தத்தில் அப்பிழை அணுவின் அளவை நுட்பமான சோதனையால் பார்க்கின்றனர். மூன்றாம் மாதத்தில் 10 விழுக்காட்டுக்குள்ளும், ஆறாம் மாதத்தில் 1 விழுக்காட்டுக்குள்ளும், பன்னிரண்டாம் மாதத்தில் 0.1 விழுக்காட்டுக்குள்ளும் இறங்கினால் நன்று. உடல் நலமாக இருப்பது மட்டும் சான்றாகாது. காலாண்டுச் சோதனையே சான்று.

பாதுகாப்பு

இலக்கு மருந்து என்றவுடன் தீங்கே இல்லாதது என்று எண்ணிவிடலாகாது. இமாட்டினிப் தன் இலக்கோடு வேறு சில புரதங்களையும் தடுக்கிறது. அதனால் கண்ணைச் சுற்றியும் காலிலும் வீக்கம், குமட்டல், வயிற்றுப்போக்கு, கெண்டைக்காலில் தசைப்பிடிப்பு, தோலில் தடிப்பு, சோர்வு ஆகியவை தோன்றலாம். தொடக்க மாதங்களில் இரத்த அணுக்கள் அளவுக்கு மீறிக் குறைவதும், ஈரல் சற்றுப் பாதிக்கப்படுவதும் உண்டு. ஆதலின் அப்போது அடிக்கடி இரத்தம் சோதிக்கின்றனர். முன்சொன்ன பேராய்வில், மருந்தினால் நேர்ந்த கடுந்தீங்குகள் பத்தாண்டுகளில் 9.3 விழுக்காட்டினரிடம் காணப்பட்டன. அவையும் பெரும்பாலும் முதலாண்டிலேயே நேர்ந்தன. ஆண்டுகள் செல்லச் செல்லப் புதிய தீங்குகள் பெருகவில்லை என்பது ஆறுதலளிக்கும் செய்தி.

பின்வந்த மருந்துகள் வேகம் மிக்கவை. ஆயினும் அவற்றின் தீங்குகள் வேறு. டாசாட்டினிப் நுரையீரலைச் சுற்றி நீர் கோக்கச் செய்யலாம். நிலோட்டினிப் இதயத் துடிப்பின் ஒழுங்கையும் இரத்தக் குழாய்களையும் பாதிக்கக்கூடும். அதனை வெறும் வயிற்றில் உண்ண வேண்டும். போனாட்டினிப் இரத்தக் குழாய்களில் அடைப்பை உண்டாக்கியதால், 2013-இல் அமெரிக்காவில் அதன் விற்பனை சில காலம் நிறுத்தப்பட்டு, பின்னர்க் கட்டுப்பாடுகளுடன் விடப்பட்டது. ஆகவே "புதியது, விலை மிக்கது, ஆதலின் சிறந்தது" என்ற முடிவுக்கு வருவது தவறு. எவருக்கு எது பொருந்தும் என்பதை அவருடைய இதயம், சர்க்கரை, ஈரல் ஆகியவற்றின் நிலையறிந்து மருத்துவரே கூறவல்லார்.

நோயாளிகள் மனத்திற்கொள்ள வேண்டியவை சில:

1. இமாட்டினிப்பை உணவோடு, ஒரு பெரிய குவளைத் தண்ணீருடன் உண்க. தொடக்க நிலை நோய்க்கு வழக்கமான அளவு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம். அதனைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் பொறுப்பு.

2. ஒருநாள் மறந்தால், மறுநாள் இரண்டு நாள் மாத்திரையைச் சேர்த்து உண்ணலாகாது.

3. காசநோய்க்கு வழங்கும் ரிபாம்பிசின், வலிப்புக்கு வழங்கும் பெனிடாயின் ஆகியவை இம்மருந்தின் வலிமையைக் குறைக்கும். கிரேப்ஃப்ரூட் என்னும் பழம் அதன் அளவை இரத்தத்தில் கூட்டும். நாட்டு மருந்தோ வேறெம்மருந்தோ உண்பதாயின் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்க.

4. கருவுற்ற காலத்தில் இம்மருந்து சிசுவுக்கு ஊறு செய்யக்கூடும். குழந்தை வேண்டும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரைக் கலந்து கொள்க. தாமாக நிறுத்த வேண்டா.

5. காய்ச்சல், இரத்தக் கசிவு, மூச்சுத் திணறல், சில நாட்களில் உடல் எடை ஏறுதல் ஆகியவை காணப்பட்டால் அடுத்த தவணை வரையில் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்க.

விலையின் கதை

இம்மருந்தின் விலையைப் பற்றிய வழக்கு நம் சென்னையிலிருந்து தொடங்கியது என்பதை அங்கத்தினர் பலர் அறியார். நோவார்டிஸ் நிறுவனம் இம்மருந்தின் குறிப்பிட்டதொரு படிக வடிவத்துக்கு உரிமம் கோரி 1998-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. 2006 ஜனவரியில் அவ்விண்ணப்பம் தள்ளப்பட்டது. அறிந்த பொருளின் புதிய வடிவம், நோய் தீர்க்கும் ஆற்றலில் மேம்பட்டதாக இருந்தாலன்றி உரிமம் பெறாது என்பது இந்தியச் சட்டத்தின் 3(டி) பிரிவு. அப்பிரிவையே எதிர்த்த மனுவைச் சென்னை உயர்நீதிமன்றம் 2007-இல் ஏற்க மறுத்தது. முடிவில் 2013 ஏப்ரல் 1-ஆம் நாள் உச்சநீதிமன்றமும் நிறுவனத்தின் கோரிக்கையை நிராகரித்தது. அந்நாளில் ஒரு மாத மருந்தின் விலை, அந்நிறுவனத்தின் மருந்தாயின் ஏறத்தாழ 1,20,000 ரூபாய். இந்திய நிறுவனங்களின் மருந்தாயின் ஏறத்தாழ 8,000 முதல் 10,000 ரூபாய் எனக் கூறப்பட்டது. அந்நிறுவனம் ஏழை நோயாளிகள் பலருக்கு மருந்தை இலவசமாகவே வழங்கும் திட்டத்தை நடத்தியதையும் சொல்லாது விடலாகாது. 2015-இல் உலக சுகாதார நிறுவனம் இதனை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

வழக்கினால் விலை இறங்கியது. ஆயினும் மருந்து கைக்கு எட்டியும் வாய்க்கு எட்டாத நிலை ஒன்று எஞ்சி நிற்கிறது. அதுவே நாம் முதலில் கண்ட அங்கத்தினரின் நிலை.

மூன்று நாள் தவறினால்

2010-இல் இலண்டன் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வொன்று நம் கண்களைத் திறக்கவல்லது. பல ஆண்டுகள் இமாட்டினிப் உண்டு, நோய் நன்கு அடங்கியிருந்த 87 பேரின் மருந்துப் புட்டிகளில், மூடி திறக்கப்படும் ஒவ்வொரு முறையையும் பதிவு செய்யும் நுண்கருவியைப் பொருத்தினர். மூன்று மாதங்கள் கணக்கெடுத்தனர். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தவறாது உண்டவர்களில், பிழை அணுக்கள் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையும் வாய்ப்பு ஆறாண்டுகளில் 94.5 விழுக்காடு. தொண்ணூறோ அதற்குக் குறைவாகவோ உண்டவர்களில் அது 28.4 விழுக்காடே. எண்பதோ அதற்குக் குறைவாகவோ உண்டவர்களில் ஒருவர்கூட அந்நிலையை எட்டவில்லை.

தொண்ணூறு விழுக்காடு என்றால் என்ன? முப்பது நாளில் மூன்று நாள் தவறுதல். சந்தைக்குப் போன நாள் ஒன்று, திருவிழா நாள் ஒன்று, மாத்திரை தீர்ந்து வாங்கப் போகாத நாள் ஒன்று, அவ்வளவே. அம்மூன்று நாட்களும் அற்பமாகத் தோன்றும். ஆனால் கணக்கு அவ்வாறு கூறவில்லை.

அப்படியாயின் வாழ்நாள் முழுவதும் உண்ண வேண்டுமோ என்று கேட்கலாம். 2010-இல் பிரான்ஸ் நாட்டு ஆய்வொன்றின் முடிவு வெளியாயிற்று. இரண்டாண்டுகளுக்கு மேல் நோயின் சுவடே சோதனையில் தென்படாதவர்களைத் தேர்ந்து, மருந்தை நிறுத்திக் கண்காணித்தனர். ஓராண்டுக்குப் பின் நோய் திரும்பாதிருந்தவர் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பத்தொருவர். மற்றவர்களுக்குத் திரும்பியது, அடிக்கடி சோதித்து வந்தமையால் உடனே கண்டு, மீண்டும் மருந்து கொடுத்து அடக்கினர். எனவே நிறுத்துதலும் இயலாததன்று. ஆனால் அது பல ஆண்டுகள் ஆழ்ந்து அடங்கிய நோய்க்கு, மருத்துவர் கண்காணிப்பில் செய்வது. நாமாக நிறுத்துவதற்கும் அதற்கும், கணக்கு முடித்துக் கடன் தீர்ப்பதற்கும் தவணை கட்டாமல் விடுவதற்கும் உள்ள வேறுபாடு உண்டு.

சங்கம் செய்யத்தக்கது

நம் நெசவாளருக்கு மருத்துவமனைச் செலவைவிடப் போய்வரும் நாளின் கூலியிழப்பே பெருந்தடையாக இருந்தது. இதில் சங்கத்துக்கும் கடமை உண்டென்று கருதுகிறோம். நாட்பட்ட நோயுடைய அங்கத்தினருக்குப் பாவு ஒப்படைக்கும் கெடுவை மருத்துவமனை நாளுக்கு ஏற்பத் தளர்த்தலாம். ஒரே மருத்துவமனைக்குச் செல்வோர் பலராயின் ஒன்றாகச் சென்றுவர ஏற்பாடு செய்யலாம். அரசு மருத்துவமனை வழியாகவும் காப்பீட்டு வழியாகவும் மருந்து பெறும் முறையைக் காரியதரிசி விசாரித்துச் சொல்லலாம். இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை.

நாம் கண்ட அங்கத்தினருக்கு நற்காலம் இருந்தது. திரும்பிய நோய் முதற் கட்டத்தைத் தாண்டியிருக்கவில்லை. அதே மாத்திரைக்கே மீண்டும் அடங்கிற்று. எல்லோருக்கும் அவ்வாறு அமையும் என்று எவரும் உறுதி கூறவியலாது. அடுத்த ஆய்வுக்குச் சென்றபோது அவர் பக்கத்தில் வரவு மீண்டும் தொடங்கியிருந்தது. முழு அளவுக்கு இன்னும் வரவில்லை. அவர் இல்லத்துச் சுவரில், சங்கம் கொடுத்த நாட்காட்டியில் ஒவ்வொரு தேதிக்கும் நேரே அவர் மனைவி பென்சிலால் ஒரு கோடு இழுத்து வைத்திருந்தார். நம் தொழில் வழக்கப்படி அதனையும் சரிபார்த்தோம். ஒரு நாள்கூட விடுபடவில்லை.